மரம் ஏன் மக்குகிறது?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை மாதத்து வெயில் தலைகாட்டும் சமயத்தில், நம்முடைய கிராமத்து வீடுகளில் ஒரு கதவாவது "சாத்த மாட்டேன்" என்று சத்தியாக்கிரகம் செய்வதை நேயர்கள் பார்த்திருக்கலாம். உடனே ஆசாரியாரை அழைத்து, கதவின் தலையில் நாலு இழைப்பு இழைக்கச் சொல்லி, அதைப் பணியவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். கதவு சொல்ல வந்த சேதியோ வேறு. நிலைக்காலின் அடிப்பாகம் மெத்தென்று ஆகிவிட்டது, கதவின் பாரம் தாங்காமல் அது இரண்டு நூல் அமுங்கிற்று, நிலை கோணிற்று, கதவு தட்டுகிறது. கதவை இழைத்ததனால் சேதி அடங்கிப்போயிற்றே தவிர, சங்கதி அடங்கவில்லை. வர்ணப் பூச்சுக்கு உள்ளே மரம் மக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரை நேயர்களில் பலர் அறிவார்கள். தீபத்துக்குப் போகும் வடக்கத்தி, கிழக்கத்தி ஜனங்களில் எத்தனையோ பேர் அவ்வழியே போகிறவர்கள். இந்தப் பிரதேசத்துக்கு ஆடி, ஆவணியில் இடிமழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் உண்டு. நடுவிலும் பின்னாலும் மண்டையைப் பிளக்கும் வெயிலும் உண்டு. மரத்தைப் பொறுத்தவரையில் நனைவதும் காய்வதும் மறுபடி நனைவதுமான இந்த வாழ்க்கையைவிடக் கொடிய சோதனை வேறில்லை. மேலும், இப்பக்கத்து ஊர்களில் நாட்டு ஓட்டு வீடு, மச்சு வீடு, நேற்று எழும்பிய கான்கிரீட் வீடு மூன்றும் ஒரே தெருவில் தோளோடு தோள் நிற்கும். ஆகவே, அங்கே உள்ள ஒரு தெருவை மனத்தில் நிறுத்திக்கொண்டால், வீட்டு மரத்துக்கு வரக்கூடிய சகல வியாதிகளையும் ஓர் எல்லைக்குள் பார்த்துவிடலாம்.

பார்க்கவேண்டிய அவசியமும் நேர்ந்திருக்கிறது. பாட்டனார் கட்டிய வீட்டைப் பேரன் இடிக்கும்போது, பெரும்பாலும் அவன் சொல்லும் காரணம் "மரமெல்லாம் போய்விட்டது" என்பதுதான். மரமெல்லாம் போயிருக்குமா என்று யாரும் குத்திப் பார்ப்பதில்லை. நாலு கைமரத்தின் நுனியும், ஒரு நிலையின் அடியும், ஓர் உத்திரத்தின் முனையும் போயிருக்கும். அந்த ஒரு சாண், இரண்டு சாண் மரத்துக்காக, இன்று காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத வைரம் பாய்ந்த தேக்கும் வேங்கையும் பழைய மரக்கடைக்குப் போய்ச் சேர்கின்றன.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை அகற்றிவிட வேண்டும். மரம் வயதாகி மக்குவதில்லை. பல தலைமுறைகள் கண்ட வாயிற்கதவுகள் இன்றும் உளி முனையை மழுக்கும் உறுதியோடு இருக்கின்றன. மரத்தை மக்கச் செய்வது காலம் அல்ல; உயிருள்ள ஒரு ஜந்து. ரொட்டியிலும் ஊறுகாயிலும் பூக்கும் பூசணத்துக்கு அது உறவு. குப்பைமேட்டில் குடை பிடிக்கும் காளானுக்கு இன்னும் நெருங்கிய உறவு. அதன் வித்துக்கள் கண்ணுக்குத் தெரியாத தூளாகக் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவை முளைத்து மரத்தைத் தின்ன நாலு வசதிகள் வேண்டும்: ஆகாரம், காற்று, மிதமான வெப்பம், ஈரம். ஆகாரம் மரமே. காற்றும் வெப்பமும் நம் தேசத்தில் இலவசம். நாம் கொடுக்காமல் இருக்கக்கூடியது ஈரம் ஒன்றுதான்.

எவ்வளவு ஈரம்? உலர்ந்த மரத்தின் எடையை நூறு என்று வைத்துக்கொண்டால், அதிலுள்ள நீர் இருபதுக்குக் கீழே இருக்கும்வரை பூசணம் அதைத் தொடாது. சுமார் முப்பதை எட்டிவிட்டால் அதற்குக் கல்யாண விருந்து. இதை வீட்டிலேயே கணக்கிடலாம். சந்தேகமான இடத்திலிருந்து ஒரு சிராய் எடுத்து, நகைக்கடைத் தராசு போன்ற நுட்பமான தராசில் நிறுத்து, நீர் கொதிக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமான சூட்டில், எடை மேலும் குறையாத மட்டும் அடுப்புப் பெட்டியில் உலர்த்தி, மறுபடி நிறுக்க வேண்டும். 12 கிராம் இருந்தது 10 கிராமாகக் குறைந்தால் ஈரம் நூற்றுக்கு இருபது. இவ்வளவு சிரமம் எதற்கு என்பவர்களுக்கு, இரண்டு ஊசிமுனைகளை மரத்தில் அழுத்தியதும் எண்ணைக் காட்டிவிடும் ஈரமானி கடைகளில் கிடைக்கிறது. தெருவுக்கு ஒன்று வாங்கிவைத்தாலும் போதும்.

இந்த ஈர ரகசியம் நம் முன்னோருக்குத் தெரியாததல்ல. கிணற்றின் அடியில் நெல்லிப் பலகை இறக்குவார்கள். எப்போதும் நீரில் முழுகிக் கிடக்கும் மரம் லேசில் மக்குவதில்லை. அங்கே பூசணத்துக்குக் காற்று இல்லை. எப்போதும் உலர்ந்திருக்கும் பரண்பலகையும் மக்குவதில்லை. அங்கே ஈரம் இல்லை. ஆனால், வேலியில் நட்ட கம்பத்தைப் பிடுங்கிப் பாருங்கள். ஆழத்தில் ஓரளவு நன்றாயிருக்கும், மேலே நன்றாயிருக்கும், மண்மட்டத்தில் நாலு விரற்கடை இற்றுப்போயிருக்கும். காற்றும் நீரும் கைகுலுக்கும் இடம் அதுதான். வீட்டிலும் அப்படிப்பட்ட 'மண்மட்டங்களை'த் தேடிப் போவதே பரீட்சையின் சூட்சுமம்.

ஒரு குத்தூசியும், சிறு சுத்தியலும், கைவிளக்கும் எடுத்துக்கொண்டு புறப்படுவோம்.

வாயில் நிலை. பழைய காரைத் தரையின்மேல் பளபளக்கும் புதிய ஓடுகளைப் பதித்த வீடாயிருந்தால், இங்கேயே பாதி விடை கிடைத்துவிடும். தரை இரண்டு அங்குலம் உயர்ந்தது. அந்த இரண்டு அங்குலச் சிமெண்டுக்குள் நிலைக்காலின் பாதம் புதைந்தது. தினமும் தரை துடைக்கும் நீர் இடுக்கில் இறங்குகிறது. இறங்கியது வெளியேற வழியில்லை. படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இடும் வழக்கத்தை நாம் குறை சொல்ல வரவில்லை. மஞ்சளால் எந்த மரமும் கெட்டதில்லை. அதற்கு முன்னால் வாளி வாளியாகக் கொட்டும் நீரைத்தான் சற்றுக் குறைத்து, ஈரத் துணியால் துடைத்தால் போதும் என்கிறோம். இன்னொரு கஷ்டம் தெருவிலிருந்து வருகிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, பல ஊர்களில் வாசற்படியைவிடத் தெரு உயர்ந்துவிட்டது. மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். தம் தெருவில் வேலை தொடங்கும் தினத்தன்று இந்த உத்தரவை ஞாபகப்படுத்துவது வீட்டுக்காரர்களின் பொறுப்பு.

முற்றத்துத் தூண். தூணுக்கு அடியில் ஒரு கல் இருக்கும். அழகுக்காக வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். முற்றத்து நீர் மரத்தின் பாதத்தைத் தொடாதபடி காப்பதே அதன் முதல் உத்தியோகம். மரத்தின் நரம்புகள் நெடுக்கே ஓடும் குழல்களைப் போன்றவை. பக்கவாட்டில் நீரை மெல்ல ஏற்கும் மரம், வெட்டுவாயில் வைத்தால் அதை உறிஞ்சிக் குடித்துவிடும். ஆகவேதான் தூணின் பாதமும், கைமரத்தின் நுனியும், உத்திரத்தின் முனையும், கதவின் அடி விளிம்பும் முதலில் போகின்றன. குளியலறைக் கதவைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது புரியும்: இரு முகத்திலும் மூன்று பூச்சு வர்ணம், அடி விளிம்பில் ஒரு சொட்டுக்கூட இராது! கதவை மாட்டிய பிறகு வர்ணம் அடித்தால் தூரிகை அங்கே எப்படிப் போகும்?

தாழ்வாரம். ஓடு நகர்ந்த இடத்துக்கு நேர்க்கீழே கைமரத்தில் கறுப்புக் கோடு இறங்கியிருக்கும். அண்ணாமலையார் சந்நிதிக்குப் பக்கத்து ஊர்களில் ஓட்டை நகர்த்துகிறவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை. அவருக்கு வாலும் உண்டு. கைமரம் பனையாயிருந்தால் ஒன்றை மறவாதீர்கள். மற்ற மரங்களுக்கு வைரம் நடுவில்; பனைக்கு வைரம் வெளியே. உள்ளே இருப்பது சோறு. பனங்கையின் வெட்டுவாயில் நீர் புகுந்தால், வெளி ஓடு இரும்பாய் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே கூடாகிவிடும். ஆகவே பனங்கையைப் பக்கத்தில் தட்டாமல் நுனியில் குத்திப் பார்க்க வேண்டும்.

மச்சு. இதுதான் உயிர் சம்பந்தமான இடம். தேக்கு விட்டங்களை நெருக்கமாக அடுக்கி, அவற்றின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக வைத்துச் சுண்ணாம்புக் காரை போட்ட மச்சில், விட்டங்களின் முனைகளும் அவற்றைத் தாங்கும் உத்திரத்தின் முனைகளும் சுவருக்குள் புதைந்திருக்கும். வெளியே தெரியும் மரம் வைரக்கல் போலிருக்கும். சுவருக்குள் இருக்கும் அரை முழம் சாணமாகியிருக்கும். அதன்கீழ்தான் பாயை விரித்துக் குழந்தைகள் தூங்குகின்றன. சுவரில் உத்திரம் நுழையும் இடத்தைச் சுற்றி உப்புப் பூத்தல், காரை உதிர்தல், அங்கே தளத்தில் மயிரிழைப் பிளவு, சுத்தியலால் தட்டினால் 'கணீர்' என்பதற்குப் பதில் 'பொத்' என்ற ஓசை: இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால், உடனே இருபுறமும் முட்டுக் கொடுத்துவிட்டு அனுபவமுள்ள கட்டிட எஞ்சினியரை அழைக்க வேண்டும். மற்ற வேலைகளை வீட்டுக்காரரும் ஆசாரியாருமாகப் பார்த்துக்கொள்ளலாம். இது அப்படியல்ல.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் மழை இப்பிரதேசத்தில் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. அந்த அவலம் பத்திரிகைகளில் வந்தது. அந்த மழையைக் குடித்த சுவர்களைப் பற்றி யார் எழுதுவார்கள்? ஊறிய சுவர் உலர, கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது குளிர்தேசத்துக் கட்டிடக்காரர்களின் கணக்கு. நம் வெயிலில் சற்று விரைவாகலாம். ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவருக்குமேல் சிமெண்டு பூசி, அதற்கும்மேல் பளபளக்கும் வர்ணம் அடித்திருந்தால், சுவரின் ஈரம் வெளிவர வழியின்றித் தவிக்கும். சுண்ணாம்பு மூச்சு விடும். சிமெண்டு வாயை மூடும். மூடப்பட்ட ஈரம் தனக்குத் தெரிந்த ஒரே வழியில், அதாவது மர முனையின் வழியே போகப் பார்க்கிறது. அத்தகைய மழை பெய்து ஓரிரண்டு வருஷத்துக்குள் மச்சு வீட்டுக்காரர்கள் தத்தம் உத்திர முனைகளை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிடுவது உத்தமம்.

கெட்டுப்போன மரமெல்லாம் மக்கின மரம் அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். செல் அரித்திருந்தால், மரத்தின் நெடுக்கே சால்கள் ஓடும். உள்ளே மண் பூசியிருக்கும். சுவரில் மண் குழாய் ஏறியிருக்கும். உளுத்த மரத்தில் குண்டூசி போட்டாற்போல் வட்டத் துவாரங்களும், கீழே மாவும் இருக்கும். பூசணத்தால் மக்கின மரத்தில் இவையொன்றும் இராது. நிறம் கறுத்துக் கரி கருகினாற்போல் சதுரம் சதுரமாக வெடித்திருக்கும். அல்லது வெளுத்து, நார் நாராகப் பஞ்சுபோல் பிரியும். மரத்தின் தோற்றம் நன்றாயிருந்து சந்தேகம் மட்டும் இருந்தால், குத்தூசியைச் சாய்வாகச் செருகி நெம்புங்கள். நல்ல மரம் நீண்ட சிராயாக எழும்பும். மக்கத் தொடங்கிய மரம் 'பொட்' என்று குட்டையாக ஒடியும். தச்சர்கள் கண்ட இந்தச் சோதனைக்கு மிஞ்சிய சோதனை விஞ்ஞான சாலையிலும் அதிகமில்லை. ஒரு வம்பு என்னவென்றால், மக்கின மரத்தின் ஈரம் செல்லுக்கும் பிரியம். ஆகவே, செல் மருந்து தெளித்தவர் போன பிறகு, ஈரம் எங்கிருந்து வந்தது என்று மறுபடியும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

இங்கிலாந்தில் 'உலர் மக்கல்' என்று ஒரு வியாதிக்கு வீட்டுக்காரர்கள் நடுங்குகிறார்கள். ஈரமான ஓரிடத்தில் பிடித்த பூசணம், நரம்பு நரம்பாகச் செங்கற் சுவரையும் ஊடுருவிப் போய், பக்கத்து அறை மரத்தைத் தின்னும். பெயர்தான் உலர் மக்கல். அதற்கும் ஈரம் வேண்டும். இந்தப் பூசணம் காட்டில் தானாக வளர்ந்து காணப்படும் வெகு சில இடங்களில் நமது இமயமலைச் சாரலும் ஒன்று என்பதைக் கேட்டால் நேயர்கள் வியப்பார்கள். ஆனால் நாம் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். சுமார் 26 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறினால் அதன் வளர்ச்சி அடங்கிவிடும். கீழ்பென்னாத்தூர் சித்திரை வெயிலில் அதன் பாச்சா பலிக்காது. நம் ஊரில் காண்பது ஈரம் உள்ள மட்டும் தின்று, ஈரம் வற்றினால் முடங்கும் ஜாதி. வெளிநாட்டு விளம்பரங்களைப் பார்த்துச் சுவர் முழுவதையும் துளைத்து மருந்து செலுத்தச் சொல்பவர்களிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

இனி சிகிச்சை. ஆசாரிகள் மரத்தின் குழியை அடைக்கும் பசைக்கு 'மக்கு' என்று பெயர். மக்கின மரத்துக்கு மக்கு வைத்து, அதன்மேல் வர்ணம் அடித்துவிடுவதுதான் இன்று நாடெங்கும் நடக்கும் வைத்தியம். பெயர்ப் பொருத்தத்தைத் தவிர இதில் வேறு பொருத்தம் இல்லை. உள்ளே ஈரம் இருக்கும்போது வெளியே மூடினால், பூசணத்துக்குப் போர்வை போர்த்தியது போலாகும். அதிக விலைகொடுத்து வாங்கும் எபாக்ஸி மக்கும் இதற்கு விலக்கல்ல. அது நல்ல பொருள்தான். ஆனால் உலர்ந்த, உறுதியான மரத்தின்மேலே வைத்தால்தான்.

முதல் வேலை ஓடு மாற்றுவது, குழாய்க் கசிவை அடைப்பது, நிலைப் பாதத்தைச் சுற்றியுள்ள சிமெண்டைக் கொத்துவது. தச்சரை அழைப்பது அப்புறம். நீர் வரும் வழியை அடைக்காமல் மரத்தை மாற்றுகிறவர், ஓட்டைக் குடத்தில் புதுநீர் வார்க்கிறவர். பிறகு சில வாரம், தேவையானால் சில மாதம், காற்றாட விட வேண்டும். பொறுமைதான் இதில் அதிக விலையுள்ள சாமான்.

உலர்ந்ததும், மெத்தென்ற பாகத்தை அறவே நீக்கி, நல்ல மரம் என்று தோன்றும் இடத்திலிருந்து இன்னும் ஒரு சாண் மேலே போய் வெட்ட வேண்டும். கண்ணுக்கு நன்றாய்த் தோன்றும் மரத்திலும் பூசணத்தின் இழை ஓடியிருக்கும். நிலைக்கால் அடிக்கு ஒட்டுப்போடும்போது வெட்டு, மரத்தின் கனத்தைப்போல் மூன்று மடங்கு நீளத்துக்குச் சாய்வாக இருக்கட்டும். சாய்வின் தாழ்ந்த பக்கம் வெளிப்புறம் நோக்க வேண்டும். அப்போதுதான் மேலே பட்ட நீர் ஒட்டுக்குள் தங்காமல் வழிந்து போகும். ஒட்டை நல்ல பசையாலும் மர ஆணியாலும், அல்லது துருப்பிடிக்காத திருகாணியாலும் இறுக்க வேண்டும். இரும்பாணி ஈரத்தில் துருவேறிச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். புதிய பாதம் தரையைத் தொடாமல், தரைமட்டத்துக்கு ஓர் அங்குலம் உயர்ந்த கருங்கல் துண்டின்மேல் நிற்கட்டும். தூணின் அடியில் பாட்டனார் வைத்த கல் கற்பித்த பாடம் இது.

ஒட்டுவதற்குமுன் வெட்டுவாய் இரண்டுக்கும் மருந்து ஊட்ட வேண்டும். வீட்டுக்குள் ஏற்றது போரிக் அமிலம் இரண்டு பங்கும் வெண்காரம் மூன்று பங்கும் கலந்தது. ஒரு கிலோ கலவைக்கு வெந்நீர் இருபது லிட்டர் போதும். ஊற ஊறப் பூச வேண்டும்; குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். இந்த மருந்து நீரோடு மரத்துக்குள் பரவும். அதே காரணத்தால் மழையில் கரைந்தும் போய்விடும். ஆகவே வெளியே நிற்கும் மரத்துக்கு இது நிலைக்காது. தாழ்வாரத்துக் கைமர நுனிகளுக்கு நம்மவர் தொன்றுதொட்டுத் தடவிவரும் முந்திரிக்கொட்டை எண்ணெய் நல்லதே. கையில் பட்டால் தோல் கொப்புளிக்கும், கையுறை அவசியம்.

கரைந்துபோகாத மருந்தைக் கண்டவர் நம் தேசத்தவர் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1906-இல் டேராடூனில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஸ்ரீ சோந்தி காமேசம், 1933-இல் 'ஆஸ்கு' என்ற கலவையைக் கண்டார். மயில்துத்தத்திலுள்ள செம்பு பூசணத்தைக் கொல்லும். பாஷாணம் செல்லைக் கொல்லும். மூன்றாவதாகச் சேர்த்த குரோமியம், இவ்விரண்டையும் மழையில் கரையாதபடி மரத்தோடு பிணைத்துவிடும். இந்த மூன்றாவது யோசனையில்தான் அவருடைய மேதை விளங்கியது. 1938-இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. அதன் பிறகு பல்லாண்டுகள் உலகெங்கும் கம்பிக் கம்பங்களும் துறைமுகக் கட்டைகளும் அவர் கண்ட முறையில் பதம் செய்யப்பட்டன. பிற்பாடு பாஷாணம் மண்ணில் இறங்குவதும், குழந்தைகள் கையில் ஒட்டுவதும் தெரியவந்து, 2003-ஆம் வருஷக் கடைசியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பாவிலும் 2004-இல் கட்டுப்பாடு வந்தது. அது விவேகமான முடிவே. ஆனால் காமேசம் காட்டிய வழி அழியவில்லை. பாஷாணத்தை நீக்கிச் செம்பை வைத்துக்கொண்ட கலவைகளே இப்போது பல தேசங்களில் வழங்குகின்றன.

மரம் வாங்கும்போது பெயரை மட்டும் கேட்டு ஏமாறக் கூடாது. தேக்கு என்ற பெயருக்கு மகிமை இல்லை; தேக்கின் வைரத்துக்குத்தான் மகிமை. தேக்கின் வெளிறு, மாமரத்தைப்போலச் சீக்கிரம் மக்கும். இளந்தேக்கில் வெளிறே அதிகம். முழுதும் வெளிறான தேக்கைவிட வைரம் பாய்ந்த வேம்பு நிலைக்கு எவ்வளவோ மேல். அதற்கு விலையும் குறைவு. இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய மரம் கிடைத்தால், ஆணித் துவாரங்களைப் பார்த்து முகம் சுளிக்காமல் வாங்கிவிடலாம். காய்ந்து முறுக்கேறிய சரக்கு அது.

வேலைக்கு உகந்த காலம் மாசி, பங்குனி. ஐப்பசி, கார்த்திகையில் உறிஞ்சியதையெல்லாம் மரம் அதற்குள் ஒருவாறு விட்டிருக்கும். சித்திரையில் கோடைமழை இறங்குமுன் ஒட்டும் பசையும் வர்ணமும் காய்ந்துவிடும். வர்ணம் அடிக்கும்போது அடி விளிம்பை மறவாதிருக்க, கதவை மாட்டுமுன் அடித்துவிடுங்கள்.

வெட்டியெடுத்த மக்கின துண்டுகளை மாடிப்படிக்கு அடியில் சேர்த்துவைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அங்கிருந்தே பூசணம் பக்கத்து மரத்துக்குப் பரவும். வர்ணமோ மருந்தோ படாத துண்டுகளை வெந்நீர் அடுப்புக்குப் போட்டுவிடலாம். ஆஸ்கு போன்ற மருந்து ஏறிப் பச்சை பாய்ந்த பழைய கம்பத் துண்டுகள் கலந்திருந்தால், அவற்றை எக்காரணம் கொண்டும் அடுப்பில் வைக்கக் கூடாது. அவற்றிலுள்ள பாஷாணம் புகையிலும் சாம்பலிலும் இருக்கும். அந்தச் சாம்பலை நாம் பாத்திரம் துலக்கவும் செடிக்குப் போடவும் எடுத்துக்கொள்கிறோம்.